டிசம்பர் 4 வீடியோவும் நம்ம ஊர் பழைய மாலுமிகளும்: சிறு போட்டில் வேலை பார்த்தவர்கள், வீட்டில் இருந்தவர்கள் எழுதுங்க

கெடிலம்கரை (கடலூர் முதுநகர்) | டிசம்பர் 5, இரவு 8.40

வருஷா வருஷம் கடற்படை தினம் வந்தா எங்க குழுக்கள்ல ஒரே வீடியோ சுத்தும். "கராச்சி தாக்குதல் 1971, நேரடிக் காட்சி"ன்னு தலைப்பு. நல்ல வெயில், நீலக் கடல், ஏவுகணை போட் ஒண்ணு முழு வேகத்துல வருது, புகையைக் கக்கிக்கிட்டு ஏவுகணை கிளம்புது. பின்னணியில ஒரு சினிமா இசை வேற.

எங்க அப்பா 71ல ஏவுகணை போட் பிரிவுல எலக்ட்ரிகல் மாலுமி. இந்தத் தடவை அவர்கிட்ட போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் பார்த்தார். "போட்டு நல்லாத்தான் இருக்கு. நாங்க போனது ராத்திரிடா"ன்னு சொல்லிட்டு தினத்தந்தியை எடுத்துட்டார்.

ரெண்டு கேள்வி. இந்த வீடியோ எங்கேருந்து வந்தது? கடலூர், புதுச்சேரிப் பக்கம் சின்ன போட்டுகள்ல வேலை பார்த்தவங்க இன்னும் யார் இருக்காங்க, அவங்க பேச்சை யாராவது பதிவு பண்ணியிருக்கீங்களா? ஆட்களோட பேர், முகவரி இங்க வேண்டாம்.

---

பழைய எம்.இ. (புதுச்சேரி, லாசுப்பேட்டை) | டிசம்பர் 5, இரவு 9.15

உங்க அப்பா ஒரே வரியில முடிச்சுட்டார். ட்ரைடென்ட், அதாவது கராச்சி மேல நம்ம கடற்படை நடத்தின முதல் தாக்குதல், நடந்தது 4ஆம் தேதி இரவு. நிர்காட்ங்கிற போட் முதல் ஏவுகணையை விட்டப்பவே மணி பத்தரை தாண்டியாச்சு. அதுல வெயில் எங்கேருந்து வரும்?

ராத்திரி, பகல் பார்க்காமலே கண்டுபிடிக்க இன்னொரு வழி இருக்கு. அந்த வீடியோவுல ஏவுகணை வைக்கிற கூண்டைப் பாருங்க. உருளையா, வரி வரியா இருந்தா அது ஓசா இரண்டாம் வகை (ஓசாங்கிறது ரஷ்யாக்காரன் செஞ்ச ஏவுகணை போட்). பிரபல், சபல், சமக் எல்லாம் அந்த வகை, நம்மகிட்ட வந்ததே 1976, 77ல. 71ல போன வீர், நிபாத், நிர்காட், வினாஷ் எல்லாம் முதல் வகை. அதுல கூண்டு சதுரமா, முன்னாடி கதவு வச்சு, கேரேஜ் மாதிரி நிக்கும். இரண்டாம் வகை ஏவுகணையோட இறக்கை மடங்கும், அதனால உருளைக்குள்ள அடங்கிடும். முதல் வகைக்கு இறக்கை மடங்காது, பெட்டி பெருசா வேணும்.

நான் சேர்ந்தது 80கள்ல, இரண்டாம் வகையில என்ஜின் ரூம். அந்த வீடியோ ஏதோ பயிற்சியில எடுத்தது. கார்வார் கடற்கரையில சபல் போட்டை ஏத்தி வச்சிருக்காங்க, அங்க எடுத்த செல்ஃபிகூட "கராச்சி போட்"டுன்னு சுத்துது.

---

தாழங்குடா | டிசம்பர் 5, இரவு 9.31

சின்ன போட்டுன்னு சொல்றீங்க, நீளம் எவ்வளவு?

---

பழைய எம்.இ. | டிசம்பர் 5, இரவு 9.38

38 மீட்டர் சொச்சம். எடை 200 டன் பக்கம். ஆட்கள் முப்பது பேருக்குள்ள.

---

தாழங்குடா | டிசம்பர் 5, இரவு 9.41

எங்க ஃபைபர் போட்டு பத்து மீட்டர் வராது அண்ணே. உங்களுது சின்ன போட்டு, எங்களுது என்ன, குளிக்கிற டப்பாவா?

---

பழைய எம்.இ. | டிசம்பர் 5, இரவு 10.05

சிரிங்க சிரிங்க. கடற்படைக் கணக்குல அது சின்னதுதான். அந்த உடம்புக்குள்ள மூணு டீசல் என்ஜின், முதல் வகையில ஒவ்வொண்ணுலயும் 42 சிலிண்டர், 4000 குதிரைசக்தி. எங்க காலத்து என்ஜினுக்கு 56 சிலிண்டர். மேல நாலு ஏவுகணை, ஒவ்வொண்ணும் ரெண்டு டன்னுக்கு மேல. முன்னயும் பின்னயும் 30 மி.மீ. இரட்டைத் துப்பாக்கி. மிச்சம் இருக்கிற இடத்துலதான் மனுஷன்.

ஏவுகணைக்கு திரவ எரிபொருள். ஒரு பக்கம் அமைன் கலவை, இன்னொரு பக்கம் நைட்ரிக் அமிலம். ரெண்டும் தொட்டா தானா பத்திக்கும். நிரப்புற அன்னைக்கு ரப்பர் உடுப்பு, கையுறை, முகமூடி போட்டு நிக்கணும். பம்பாய் வெயில்ல அதைப் போட்டு நின்னவனுக்குத்தான் தெரியும். வீடியோ எடுக்கிறவன் எவனும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

இந்த போட்டோட குறை, தூரம் போகாது. கரையைக் காக்கத்தான் ரஷ்யாக்காரன் செஞ்சான். நம்மாளுங்க அதைக் கராச்சி வரைக்கும் கொண்டுபோனாங்க. கூட கில்டான், கச்சால் ரெண்டு பெரிய கப்பலும் போச்சு. எண்ணெய் மிச்சம் பிடிக்க இழுத்துட்டுப் போற பயிற்சி முன்னாடியே நடந்திருக்கு.

---

தாழங்குடா | டிசம்பர் 6, காலை 5.50

இப்பதான் கரை சேர்ந்தேன். ஒரு சந்தேகம். டிசம்பர்ல நம்ம கடல்ல வாடை அடிக்கிற அடியில ஃபைபரை இறக்கவே யோசிப்போம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தினா வாரக்கணக்குல சும்மா உட்காருவோம். அந்த மாசத்துல எப்படிக் குட்டி போட்டை அவ்வளவு தூரம் விட்டாங்க?

---

பழைய எம்.இ. | டிசம்பர் 6, காலை 7.20

நல்ல கேள்வி. அது அரபிக்கடல். அங்க சீற்றம் ஜூன்ல ஆரம்பிச்சு செப்டம்பரோட அடங்கும். அந்த மாசங்கள்ல ஓசாவை வெளியே கொண்டுபோறதே பெரும்பாடு. டிசம்பர்ல மேற்குக் கடல் பெரும்பாலும் அமைதி. சண்டை ஆகஸ்டுல வந்திருந்தா இந்தக் கதையே வேற.

அதுக்காகத் தட்டு மாதிரி இருந்துச்சுன்னு நினைக்காதீங்க. ரெண்டாவது தாக்குதல், ஆபரேஷன் பைத்தான், வானிலையால தள்ளிப்போய் 8ஆம் தேதி இரவு நடந்துச்சு. வினாஷ் ஒரே போட், கூட தல்வார், திரிசூல்னு ரெண்டு பெரிய கப்பல். கடல் அன்னைக்குக் கொந்தளிப்பு. நாலு ஏவுகணையையும் விட்டுட்டுத் திரும்பினாங்க.

---

சுங்கச்சாவடி | டிசம்பர் 6, காலை 11.02

கராச்சி எண்ணெய்த் தொட்டி எரியுற கறுப்பு வெள்ளைக் காட்சியையும் கடற்படைக் கணக்குலதான் போடுறாங்க. அதை எரிச்சது விமானப்படை. 4ஆம் தேதியே ஹண்டர் விமானங்கள் கராச்சித் துறைமுகத்துக் கியாமாரியில குண்டு போட்டாச்சு. எங்க பெரியப்பா விமானப்படை. கடற்படைக்காரங்க ராத்திரி போய் வெளிச்சத்தைப் பார்த்துட்டு வந்து பேர் வாங்கிட்டாங்க.

---

பழைய எம்.இ. | டிசம்பர் 6, காலை 11.30

வெளிச்சத்தைப் பார்த்துட்டு வந்ததுல கைபர்ங்கிற டிஸ்ட்ராயர் தானா மூழ்கிடுச்சா? கண்ணிவாரிக் கப்பல் முஹாஃபிஸ் தானா போச்சா? பெரியப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க.

---

சுங்கச்சாவடி | டிசம்பர் 6, காலை 11.34

கப்பலை மூழ்கடிச்சது நீங்கதான், யார் இல்லேன்னா? நான் பேசுறது தொட்டியை.

---

மட்டுறுத்துநர் | டிசம்பர் 6, மதியம் 12.10

ரெண்டு படையும் அந்தத் தொட்டிகளைத் தாக்கியது பதிவில் இருக்கிறது. வினாஷ் விட்ட ஏவுகணைகளில் ஒன்றும் கியாமாரித் தொட்டிகளில்தான் விழுந்தது. எந்தத் தீ யாருடையது என்கிற சண்டை ஐம்பது வருஷமாக மெஸ்ஸுக்கு மெஸ் நடக்கிறது, அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே படக்காட்சியும் நினைவும் மட்டும்.

---

முத்தியால்பேட்டை (வரலாறு படித்தவன், வேலை வேறு) | டிசம்பர் 6, மாலை 6.45

மட்டுறுத்துநர் மன்னிக்க, அந்தச் சண்டைக்கும் நம்ம பொருளுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. யார் அடிச்சாங்கன்னு அடி வாங்கினவனுக்கே அன்னைக்குத் தெரியலை. கைபர் கப்பல் கரைக்கு அனுப்பின தகவல்லயே விமானம் தாக்கிடுச்சுன்னுதான் இருந்தது. கடல்லேருந்து ஏவுகணை வரும்ங்கிற எண்ணமே அவங்களுக்கு வரலை. இத்தனைக்கும் 1967 அக்டோபர்ல எகிப்தோட சின்ன போட்டுகள் இதே ஸ்டிக்ஸ் ஏவுகணையால இஸ்ரேலோட எய்லத் கப்பலை மூழ்கடிச்சு நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பயம் எங்கே போய் முடிஞ்சதுன்னா, 6ஆம் தேதி பாகிஸ்தான் விமானங்கள் தங்களோட சொந்தக் கப்பல் சுல்ஃபிகாரையே இந்திய ஏவுகணை போட்டுன்னு நினைச்சுச் சுட்டுத் தள்ளின.

நம்ம பக்கமும் சுத்தம் இல்லை. கிழக்கே பத்மா, பலாஷ்னு ரெண்டு போட். கல்கத்தா துறைமுகத்து போட்டுகள்ல போஃபர்ஸ் பீரங்கியை ஏத்தி வங்கதேச விடுதலைப் படையான முக்தி பாஹினிக்காகத் தயார் பண்ணினது. கூட நம்ம பன்வேல். நம்ம விமானங்களுக்கு அடையாளம் தெரியட்டும்னு மேல்பகுதியில மஞ்சள் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. டிசம்பர் 10ஆம் தேதி குல்னா பக்கம் ஆத்துல போயிட்டிருந்தப்போ நம்ம விமானப்படையே குண்டு போட்டுடுச்சு. பத்மாவும் பலாஷும் போச்சு, பன்வேல்தான் தப்பிச்சது. பலாஷோட என்ஜின் ரூம்ல இருந்த ருஹுல் அமீன் போட்டைக் காப்பாத்தப் போராடி இறந்தார். வங்கதேசத்தோட உயரிய விருதான பீர் ஸ்ரேஷ்டோ வாங்கின ஏழு பேர்ல அவர் ஒருத்தர்.

பகல் வெளிச்சத்துல, மஞ்சள் பெயின்டோட போன போட்டையே விமானி மாத்திப் பார்த்திருக்கான். நாம இருட்டுல நடந்ததுக்கு வெயில் வீடியோவைப் போட்டு "நேரடிக் காட்சி"ங்கிறோம்.

---

குருசுக்குப்பம் | டிசம்பர் 6, இரவு 8.20

எங்க பக்கத்துக் கதை வேற மாதிரி, ஆனா இழைக்குப் பொருந்தும்னு நினைக்கிறேன்.

எங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்துல காலாட்படை, இந்தோசீனா போனவர். இப்ப இல்லை. ஜூலை 14க்கும் நவம்பர் 11க்கும் பதக்கத்தையெல்லாம் குத்திக்கிட்டு பீச் ரோடு நினைவுச் சின்னத்துக்குப் போவார், வெயில்ல நிப்பார், வந்து சட்டையைக் கழட்டி உதறி மாட்டுவார். சண்டையைப் பத்திக் கேட்டா எப்பவும் ஆத்தைத்தான் சொல்வார்.

டோங்கிங் பக்கம், அதாவது வடக்கு வியட்நாம்ல, பாதை எல்லாம் கண்ணிவெடி, அதனால படையை ஆத்துல கொண்டுபோவாங்க. தினாசோன்னு ஆத்துப் போர்ப் படகுப் பிரிவு, கடற்படை ஓட்டும். போட்டெல்லாம் அமெரிக்காக்காரன் உலகப்போருக்குச் செஞ்ச தரையிறங்கு போட், எல்.சி.எம்.னு சொல்றது. முன்பக்கம் கதவு அப்படியே விழும். பக்கச் சுவர் ஆள் உயரம். உள்ளே நிக்கிறவனுக்கு வானம் தவிர ஒண்ணும் தெரியாது. கரையில மூங்கில் புதர், அதுக்குள்ள யார் இருக்காங்கன்னு தெரியாது. தகரத்துல குண்டு படுற சத்தம் கேட்டாத்தான் ஆரம்பிச்சுடுச்சுன்னு தெரியும்னு சொல்வார். இதை மட்டும் பத்து தடவை கேட்டிருப்பேன்.

பிரெஞ்சு ராணுவப் படக் காப்பகம் இணையத்துல வச்சிருக்கிற ஆத்துப் படங்களைப் பார்த்தேன். எல்லாம் கரையிலேருந்தோ, பக்கத்து போட்டோட மேல்தட்டுலேருந்தோ எடுத்தது. அழகா இருக்கு, ஆறு, வெயில், கொடி. தாத்தா நின்ன இடத்துல கேமரா வச்சா வெறும் முதுகுகளும் வானமும்தான் விழுந்திருக்கும்.

இன்னொண்ணு. பிரெஞ்சுக்காரங்க வியட்நாம்ல தோத்த தியென் பியென் பூ சண்டைன்னு போடுற பல காட்சிகள் சண்டை முடிஞ்ச பிறகு எடுத்தது. சோவியத் இயக்குநர் ரோமான் கார்மென் அங்க போய், வியட்நாம் வீரர்களை வச்சு மறுபடி நடத்திப் படம்பிடிச்சார். பிரெஞ்சுப் பக்கம் உள்ளே இருந்து படம்பிடிச்ச ஷோன்டர்ஃபர் 1954 மே 7க்குப் பிறகு கைதியாயிட்டார், அவர் எடுத்த சுருள்ல பெரும்பகுதி கிடைக்கலை. அதனால ஜெயிச்சவன் எடுத்த நடிப்புதான் இன்னைக்கு ரெண்டு நாட்டு ஆவணப்படத்துலயும் ஓடுது.

---

சுங்கச்சாவடி | டிசம்பர் 6, இரவு 8.41

அப்போ எந்தப் படத்தையும் நம்பக் கூடாதா?

---

முத்தியால்பேட்டை | டிசம்பர் 6, இரவு 9.30

நம்பலாம், படத்தோட சீட்டு இருந்தா.

இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் ராணுவப் படப்பிரிவுக்காரங்க ஒவ்வொரு சுருளோடவும் ஒரு குறிப்புத் தாள் எழுதி அனுப்பணும். எந்த இடம், எந்தத் தேதி, என்ன நடக்குது, ஷாட் ஷாட்டா. அந்தச் சுருள்களும் தாள்களும் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்துல இருக்கு. பர்மாவோட அரக்கான் கரை ஓடைகள்ல 1944, 45ல வேலை செஞ்ச ராயல் இந்தியன் நேவி மோட்டார் லாஞ்சுகளைப் பத்தித் தேடுறவங்க அங்கதான் தொடங்கணும். அந்த லாஞ்ச் 112 அடி, மர உடம்பு, வயித்துல பெட்ரோல் என்ஜின். ஒரு குண்டு சரியான இடத்துல விழுந்தா கதை முடிஞ்சது.

அந்தச் சுருள்கள் பெரும்பாலும் ஊமை. யூடியூப்ல அதே காட்சிக்கு டமால் டுமீல்னு சத்தம் கேட்டா, பின்னாடி எவனோ சேர்த்தது. சத்தத்தை நீக்கிட்டுப் பாருங்க, வேற படமாத் தெரியும்.

நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுல பங்கு உண்டு. இன்னைக்கு மும்பை மார்வேயில இருக்கிற ஐ.என்.எஸ். ஹம்லா, போர்க்காலத்துல மண்டபத்துல தரையிறங்கு போட் பயிற்சித் தளமாத் தொடங்கினது. நம்ம கரை மாவட்டங்கள்லேருந்து போன தாத்தாக்கள் வீட்டுல இருந்தா, "மண்டபம்"னு ஒரு சொல் போட்டுப் பாருங்க. அகதி முகாம், பாம்பன் பாலம்னு பேச்சு போனாலும் போகும், போட்டுக்குத் திரும்பினாலும் திரும்பும்.

---

தாழங்குடா | டிசம்பர் 7, காலை 6.15

சீட்டு இல்லாத படம் கெடக்கட்டும். கெடிலம்கரை அண்ணன் அப்பா என்ன சொன்னார்னு யாரும் கேக்கலையே.

---

கெடிலம்கரை | டிசம்பர் 7, இரவு 9.50

கேட்டேன். நேத்து சாயங்காலம் பழைய எம்.இ. எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். சதுரக் கூண்டுன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 38 மீட்டர்னு சொன்னப்போ "வா"ன்னு செருப்பை மாட்டிட்டுத் தெருவுல இறங்கிட்டார்.

எங்க வாசல்படிதான் முனை. அங்கேருந்து காலால அளந்துக்கிட்டே போனார். "இங்க முன் துப்பாக்கி. இங்க பிரிட்ஜ். இந்தக் கைபம்புகிட்ட ரெண்டு பக்கமும் முதல் ஜோடி கூண்டு." பின்ஜோடி வந்த இடத்துல எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நின்னுச்சு, அதைத் தட்டிக் காட்டினார். ரேஷன் கடைக் கதவோட போட் முடிஞ்சுடுச்சு. திரும்பி வந்து கைபம்புக்கும் வாசல்படிக்கும் நடுவுல குனிஞ்சு தரையைத் தொட்டு, "நான் இங்க, கீழே"ன்னார். அக்கம்பக்கத்துல எல்லாரும் வேடிக்கை.

வீடியோ எடுக்கச் சம்மதிக்கலை, குரல் மட்டும் போனில் எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"விடறதுக்கு முன்னாடி எல்லாரும் உள்ளே. மேல்தட்டுல ஆள் நிக்கக்கூடாது, நின்னா பொசுங்கிடுவான். ஹேட்ச் எல்லாம் மூடியாச்சு. ஃபேன் சத்தம், என்ஜின் சத்தம். பக்கத்துல இருக்கிறவன் பேசறது கேக்காது, வாயைப் பாக்கணும். ரேடியோவுல நம்ம ஆபீசர்ங்க ரஷ்ய பாஷையில பேசிக்கிறாங்க, ஒட்டுக் கேக்கறவனுக்குப் புரியக்கூடாதுன்னு. விளாடிவோஸ்டாக்ல படிச்ச பாஷை அங்க உதவுச்சு. அப்புறம் ஒரு உதறல். போட்டே பின்னால தள்ளின மாதிரி. மேல பெருஞ்சத்தம், கொஞ்ச நேரத்துல அதுவும் இல்லை. வாசனைதான் உள்ளே வந்துச்சு, கந்தகம் மாதிரி. நான் மீட்டரைத்தான் பார்த்துட்டிருந்தேன். மேல என்ன எரிஞ்சுச்சுன்னு பம்பாய் வந்து பேப்பர் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பயமா இருந்துச்சாப்பான்னு கேட்டேன். பதிலே இல்லை, காபி கேட்டார்.

அவரா பேச்சைத் திருப்பினது இழுவைக் கதைக்கு. போட்டுகளை ரஷ்யாவிலேருந்து பெரிய சரக்குக் கப்பல்ல ஏத்திக் கல்கத்தாவுல இறக்கியிருக்காங்க. அந்த எடையைத் தூக்குற கிரேன் பம்பாய்ல இல்லையாம். அங்கேருந்து கயிறு கட்டி இலங்கையைச் சுத்தி பம்பாய்க்கு இழுத்திருக்காங்க. "சண்டை ஒரு ராத்திரி. இழுவைதான் முடியவே இல்லை. என்ஜின் ஓடினா போட்டு அலையை வெட்டிட்டுப் போகும். இழுத்தா உருளும். எலெக்ட்ரீசியன், ஸ்டோக்கர் எல்லாம் இல்லை, எல்லாருக்கும் ஒரே வேலை, கயிறு எங்க தேயுதுன்னு பாக்கறது. சாக்கு சுத்தி கிரீஸ் தடவணும். வாந்தி எடுத்துக்கிட்டே தடவணும்." இதைச் சொல்றப்போ உள்ளங்கையை ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுக்கிட்டே இருந்தார்.

எந்த ஆவணப்படத்துலயும் இந்தக் கயிறு வரலை. கராச்சிதான் வருது.

---

பழைய எம்.இ. | டிசம்பர் 7, இரவு 10.20

சாக்கு, கிரீஸ். ஆமாம். எங்க சீனியர்களும் கராச்சியைப் பத்தி ரெண்டு வரி, இழுவையைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க.

---

சுங்கச்சாவடி | டிசம்பர் 8, காலை 9.05

மனசு தொட்டது. ஆனா ஒரு திருத்தம். கந்தக வாசனை வர வாய்ப்பில்லையே? நைட்ரிக் அமிலம்னு பழைய எம்.இ. சொன்னார். அப்பாகிட்ட சரியாச் சொல்லச் சொல்லுங்க, பின்னாடி யாராவது கேலி பண்ணுவாங்க.

---

முத்தியால்பேட்டை | டிசம்பர் 8, காலை 10.40

தயவுசெஞ்சு சொல்லாதீங்க. கிளம்பறப்போ தள்ளிவிடுறது தனியா ஒரு திட எரிபொருள் பூஸ்டர், அதோட புகைக்கு வேற வாசனை. அது இல்லாட்டியும் சொல்லாதீங்க. வயசானவங்களைப் பேச வச்சுக்கிட்டு நடுவுல விக்கிபீடியாவைக் காட்டினா, அடுத்த நாள்லேருந்து விக்கிபீடியாவைத்தான் நமக்குத் திருப்பிச் சொல்வாங்க. ஏன்னா அதுதான் "சரி"ன்னு நாம சொல்லியாச்சு. அவர் மூக்குக்குப் பட்டது கந்தகம்னா பதிவுல கந்தகம்தான். சரிபார்க்கிறதைத் தனித் தாள்ல வச்சுக்கோங்க, தேதி போட்டு.

சுங்கச்சாவடி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டையும் ஒரே கோப்புல கலந்தாத்தான் வம்பு.

கேள்வி கேட்கிறதைப் பத்தி: "பயமா இருந்துச்சா", "பெருமையா இருந்துச்சா" ரெண்டும் வேலைக்காகாது, காபிதான் கிடைக்கும். எங்க படுத்தீங்க, எங்க சாப்பிட்டீங்க, தண்ணி எவ்வளவு கொடுத்தாங்க, யாரோட சண்டை போட்டீங்கன்னு கேளுங்க. அப்பா தெருவுல அளந்து காட்டினாரே, அதைத் திரும்ப ஒருநாள் சாக்பீஸோட செய்யச் சொல்லுங்க. மேலேருந்து, மாடியிலேருந்து ஒரே ஒரு போட்டோ.

---

குருசுக்குப்பம் | டிசம்பர் 8, மதியம் 1.15

சாப்பாடு கேளுங்க. தாத்தா சண்டையைச் சொல்ல மாட்டார், டின்ல வந்த மாட்டுக்கறியைத் திட்டி அரை மணி நேரம் பேசுவார்.

---

தாழங்குடா | டிசம்பர் 8, மாலை 4.30

நானும் ஒண்ணு கேக்கறேன், யாரும் கேக்க மாட்டீங்க. முப்பது பேர், ரெண்டு நாள், ஹேட்ச் மூடி. கக்கூஸ் உண்டா அதுல?

---

பழைய எம்.இ. | டிசம்பர் 8, மாலை 5.10

உண்டு தம்பி. எங்க போட்டுல இருந்ததைச் சொல்றேன். கதவைச் சாத்தினா முழங்கால் இடிக்கும். கடல் தண்ணி பம்ப். வேகமாப் போறப்போ உள்ளே போனவன் உட்கார்றதுக்குப் பதிலா பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.

---

கெடிலம்கரை | டிசம்பர் 8, இரவு 9.00

இதை அப்பாவுக்கு வாசிச்சேன், வாய்விட்டுச் சிரிச்சார். "அந்த எம்.இ. யாருடா, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு"ங்கிறார். பத்து மணிக்கு முன்னாடி வரணுமாம், அதுக்கு மேல தெருவுல வெயில். முத்தியால்பேட்டை, மாடி எதிர்வீட்டுக்காரருது, கேட்டுட்டேன், சாவி தர்றேன்னார். ஸ்கூட்டரையும் எடுத்துடுவார். சாக்பீஸ் நான் வாங்கி வைக்கிறேன்.

---

பழைய எம்.இ. | டிசம்பர் 8, இரவு 9.12

எட்டே முக்காலுக்கு முதுநகர்ல இருப்பேன். கூண்டு வரைய ஸ்கேல் கொண்டு வரேன்.